வால்ட்டர் ஓங்: எழுத்து மனத்தையே மாற்றியதா?

ஏடுதேடி:
வால்ட்டர் ஓங்கைப் பற்றிப் பேச்செடுத்தாலே, எழுத்து மனித உணர்வுநிலையை மாற்றியமைத்தது என்று அவர் 1982இல் ‘வாய்மொழியும் எழுத்தறிவும்’ (Orality and Literacy) என்ற நூலில் எழுதியதை மட்டும் எடுத்துவைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். நண்பர் புன்செய் அவரைச் ‘சான்று தேடாமல் பொதுமைப்படுத்தியவர்’ என்று சென்ற வாரம் இங்கே எழுதியது எனக்கு வருத்தம் தந்தது. இயேசு சபைத் துறவியான ஓங், செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் ஊடக ஆய்வாளர் மார்ஷல் மக்லூகனிடம் முதுகலை ஆய்வு செய்தவர். பின்னர் ஹார்வர்டு முனைவர் பட்டத்துக்காக, 1572இல் பாரிஸில் நடந்த புராட்டஸ்டண்டுகள் படுகொலையில் மாண்ட ராமுஸ் என்ற பிரெஞ்சுப் பேராசிரியரின் பாடநூல்களைத் தேடி ஐரோப்பாவின் 100க்கும் மேற்பட்ட நூலகங்களில் ஏறி இறங்கி, 700க்கும் மேற்பட்ட பதிப்புகளைப் பட்டியலிட்டார். அந்நூல்களின் ஒரு பக்கத்தைப் பாருங்கள்: இடப்புறம் ஒரு தலைப்பு; அது இரண்டாகப் பிரிகிறது; ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாகப் பிரிந்து, வலப்புற ஓரம்வரை கிளை பரப்புகிறது. கையால் படியெடுக்கும்போது இத்தகைய படம் எளிதில் சிதையும். அச்சிலோ எல்லாப் படிகளிலும் அதே இடத்தில் நிற்கும். ஆசிரியரும் மாணவரும் சொல்லாடி அடைந்த அறிவு, கண்ணால் பார்த்து இடமறியும் பொருளாக மாறியதை ஓங் 1958இல் வெளியிட்ட ராமுஸ் நூலில் இப்படித்தான் காட்டினார். இதைச் சான்றில்லாத கூற்று என்று எப்படிச் சொல்ல முடியும்?

புன்செய்:
ராமுஸ் ஆய்வின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் சொல் அதையும் சேர்த்துச் சுட்டியிருந்தால் திருத்திக்கொள்கிறேன். நான் மறுப்பது 1982இன் ஓங்கை. அவர் பெரிதும் சாய்ந்து நிற்பது, சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா 1931, 32ஆம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தானில் நடத்திய களஆய்வின் மீது. சுத்தியல், ரம்பம், மரக்கட்டை, கைக்கோடரி ஆகிய நான்கில் சேராதது எது என்று கேட்டபோது, எழுதப்படிக்கத் தெரியாத உழவர் ஒருவர், கருவியல்லாத கட்டையை விலக்க மறுத்தார். கட்டை இல்லாமல் கருவிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவர் கேள்வி. சிறிது படித்தவர்களோ கட்டையை விலக்கினார்கள். பள்ளி, கூட்டுப்பண்ணை, புதிய ஆட்சி ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் நுழைந்துகொண்டிருந்த ஊரில், விடை மாறுவதற்கு எழுத்துதான் காரணம் என்று எப்படிப் பிரித்தறிவது? மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவின் ‘வாய்’ (Vai) என்ற இனத்தவர் தங்கள் சொந்த எழுத்தைப் பள்ளிக்குப் போகாமலே வீட்டில் கற்று, கடிதத்துக்கும் கணக்குக்கும் பயன்படுத்துகிறார்கள். உளவியலாளர்கள் ஸ்க்ரிப்னரும் கோலும் அவர்களை ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட நூலின்படி, அந்த எழுத்தறிவு மட்டும் தருக்கத்திலோ வகைப்படுத்தலிலோ பொதுவான மாற்றம் எதையும் தரவில்லை. வேறுபாடு தென்பட்டது பள்ளிப்படிப்பால்தான்.

பறைமேளம்:
நம் பக்கத்துச் சான்று ஒன்றையும் சேர்க்கிறேன். ஓங் தொடங்கிய அதே இடத்திலிருந்து, அதாவது ஹோமரின் காவியங்கள் வாய்மொழி மரபில் உருவானவை என்று காட்டிய மில்மன் பாரியின் ஆய்விலிருந்து, இலங்கைத் தமிழறிஞர் கைலாசபதி 1968இல் நம் வீரயுகப் பாடல்களை வாய்மொழிப் பாடல்களாக வாசித்தார். புறநானூற்றில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களை அது அழகாக விளக்குகிறது. ஆனால் அதே காலத்துத் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகள் குகைப் பாறைகளிலும் பானை ஓடுகளிலும் கிடக்கின்றனவே! எழுத்து வந்த பிறகும் பாணர் மரபு கலையாமல் நின்றது என்றால், கோடு எங்கே விழுகிறது?

ஏடுதேடி:
அக்கோடு கூர்மையானது என்று ஓங்கும் சொல்லவில்லை. டியூடர் மன்னர் கால (பெரிதும் 16ஆம் நூற்றாண்டு) ஆங்கில உரைநடையில் வாய்மொழியின் எச்சங்கள் எவ்வளவு இருந்தன என்று 1965இலேயே தனிக்கட்டுரை எழுதியவர் அவர்.

புன்செய்:
எச்சம் என்ற அச்சொல்தான் என் சிக்கலே, ஐயா. எழுத்துள்ள சமூகத்தில் மாற்றம் தெரிந்தால் எழுத்தின் விளைவு, தெரியாவிட்டால் வாய்மொழியின் எச்சம் என்றால், எந்தச் சான்று வந்தாலும் அக்கொள்கை தோற்காது. தோற்க வழியே இல்லாத ஒன்றை ஆய்வு முடிவாக நான் எப்படி ஏற்பது?

ஏடுதேடி:
இக்கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ராமுஸ் பக்கத்துக்கு இது பொருந்தாது. அங்கே ஓங் மனத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசவில்லை. குறிப்பிட்ட வகுப்பறைகள், பதிப்புகள், கிளைப்படங்கள் ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறார், நூலகத்துக்குப் போய்ச் சரிபார்க்கலாம். என் மாணவர்களுக்கு இதுவரை 1982ஆம் ஆண்டு நூலைத்தான் முதலில் கொடுத்துவந்தேன். அடுத்த பருவத்தில் 1958ஆம் ஆண்டு நூலிலிருந்து தொடங்குகிறேன்.