லண்டன் பயணக் காபனுக்கு அம்மாட கூரை சோலார் ஈடாகுமா?

கல்லடிப்பிள்ளை:
வணக்கம். லண்டனில இருக்கிற எங்கட அண்ணன் ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கத் தீர்த்தம் பாக்கக் குடும்பத்தோட, நாலு பேரா, வந்துபோனவர். டிக்கெட் எடுக்கக்குள்ள "பயணத்துக்கான காபனை ஈடுசெய்யலாம்" எண்டு கேட்டு, இந்தியாவில ஒரு காத்தாலைக்கெண்டு காசு எடுத்திருக்காங்க. நம்ப ஏலாத மலிவு. இப்ப அவர் கேக்கிறார்: அடுத்த முறை அந்தக் காசோட இன்னும் போட்டு அம்மாட கூரையில 5 கிலோவாட் சோலார் பூட்டினா நம்மட கணக்குத் தீருமா? அம்மா தனியத்தான் இருக்கா, மாசம் 70 யூனிட் தாண்டாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வாவிக்கரையான்:
சோலார விடுங்க தங்கச்சி. வாவி ஓரத்தில நாலு கண்டல் கன்று நடச் சொல்லுங்க, முடிஞ்சிது.

சம்மாந்துறை வயர்மேன்:
நாலு கன்றால முடியாது தம்பி. நட்டதெல்லாம் பிழைக்கிறதும் இல்ல.

தங்கச்சி, நான் கூரைக்கு சோலார் பூட்டித் திரியிற ஆள். 5 கிலோவாட் வித்தா எனக்கு லாபம்தான், ஆனா அம்மாட வீட்டுக்கு அது தேவையில்ல. 70 யூனிட்டுக்கு 1 கிலோவாட்டே மிச்சம்.

கணக்கப் பாப்பம். கொழும்பு–லண்டன் ஒரு வழி 8,700 கிலோமீற்றர் அளவு. சாதா வகுப்பில போய்வர ஆளுக்கு ஒண்டரைத் தொன் காபனீரொட்சைட்டு எண்டு வைங்க. உயரத்தில விமானம் விடுற புகைக்கோட்டால வாற சூட்டையும் சேர்த்தா கிட்டத்தட்ட ரெட்டிப்பு. சேர்க்காட்டியும் நாலு பேருக்கு 6 தொன். நம்மட கரையில 5 கிலோவாட் மாசம் 550, 600 யூனிட் தரும். யூனிட்டுக்கு அரைக் கிலோ காபனீரொட்சைட்டு மிச்சம் எண்டு போட்டா வருஷம் மூண்டரைத் தொன். ரெண்டு வருஷத்தில கழிஞ்சிரும் போலதான் இருக்கும், தாளில.

ஆனா பகல் 12 மணிக்கு வாற யூனிட்டும் ராவு 7 மணிக்கு எரியிற யூனிட்டும் ஒண்டில்ல. 2025 சித்திரைப் புத்தாண்டு லீவில, 13ஆந் திகதியிலருந்து 21 வரைக்கும், பகலில பின்னேரம் 3 மணி வரைக்கும் கூரை சோலார நிப்பாட்டி வைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டதே, ஞாபகம் இருக்கா? (அந்தக் கிழமை எனக்கு வந்த கோலுக்குக் கணக்கில்ல.) கந்தோர் பூட்டு, ஃபெக்டரி பூட்டு, வெயில் மட்டும் நிறைய. நுரைச்சோலை மின் நிலையத்து நிலக்கரி மெஷினை மத்தியானத்துக்கு அணைச்சுப் பின்னேரம் கொளுத்த ஏலாது, அதால மத்தியானச் சோலார் வந்தாலும் அது எரிஞ்சுகொண்டுதான் இருக்கும். கரண்ட் கூடத் தேவைப்படுறது ராவு ஆறரைக்கும் பத்தரைக்கும் இடையில. பேட்டரி இல்லாத கூரை அந்த நேரத்துக்கு ஒண்டும் செய்யாது.

அண்ணன் காசு கட்டின காத்தாலைக்கும் கேக்க வேண்டியது ஒண்டுதான்: அவர்ர காசு வராட்டியும் அந்தக் காத்தாடி சுத்தியிருக்குமா? சுத்தியிருக்கும். இந்தியாவில காத்தும் சோலாரும் புது நிலக்கரி ஆலைய விட மலிஞ்சு போச்சு, கரண்ட் வித்தே கட்டுப்படியாகும். அதாலதான் இப்பிடிக் காபன் ஈட்டுத் திட்டங்களைப் பதியிற வெர்ரா எண்ட பெரிய நிறுவனம் 2019 முடிவோட, மிகப் பின்தங்கிய நாடுகளைத் தவிர மத்த இடத்தில கிரிட்டுக்கு (பொது மின் வலைக்கு) கரண்ட் குடுக்கிற பெரிய காத்து, சோலார் திட்டங்களைப் புதுசாப் பதியிறத விட்டுது. 2024 ஆகஸ்டில, தன்னார்வக் காபன் சந்தையின்ர தரத்தப் பாக்கிற சர்வதேசச் சபையும் அப்ப இருந்த புதுப்பிக்கத்தக்க சக்தி முறைகளுக்குத் தன்ர முத்திரை இல்லையெண்டிட்டுது. முந்திப் பதிஞ்சதெல்லாம் இன்னும் சந்தையில கிடக்கு. மலிவு எண்டீங்களே, இதுதான்.

அக்கரைப்பற்று அவதானி:
இலங்கையில ஆளுக்கு வருஷம் சராசரி ஒரு தொன் அளவுதான் காபன். ஒருக்கா ஊருக்கு வந்துபோறதே அதை விடக் கூட. ஈடு கட்டுறத விட்டுட்டு, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வந்து கூட நாள் நிண்டா என்ன?

கல்லடிப்பிள்ளை:
அம்மாட காதில விழாமச் சொல்லுங்க! வயர்மேன் நானா, அப்ப காசை எங்கதான் போடுற?

சம்மாந்துறை வயர்மேன்:
அவதானி சொல்றது சரி, முதல் வேலை அதுதான். ஆனா பெத்த தாயப் பாக்க வராத எண்டு ஆரும் சொல்ல ஏலுமா.

வாவிக்கு மேற்கால, படுவான்கரையில மேட்டுப்பயிர் செய்யிற சொந்தக்காரர் இருக்காங்களா? கரண்ட் போகாத தோட்டத்தில டீசல் மெஷினால தண்ணி இறைக்கிறவங்க. ஒரு லீற்றர் டீசல் எரிஞ்சா 2.7 கிலோ காபனீரொட்சைட்டு. கோடையில நாளுக்கு 2 லீற்றர் படி 100 நாள் இறைச்சா அரைத் தொன்னுக்கு மேல. அங்க சோலார் பம்பு வச்சா அந்தப் புகை அந்த இடத்திலயே நிக்கும், நுரைச்சோலையப் பத்தி வாதாடத் தேவையில்ல. வெயில் கூடின நேரம்தான் பயிருக்குத் தண்ணியும் வேணும். தோட்டக்காரரிட்டக் காசில்லாமத்தான் இவ்வளவு நாளும் மாத்தல்ல எண்டா, அண்ணன்ட காசாலதான் நடந்தது எண்டு நெஞ்சில கைவச்சுச் சொல்லலாம்.

ரெண்டு விஷயம் முதலே பேசி வைங்க. பழைய மெஷினை விக்கக் கூடாது, வாங்கினவன் வேற இடத்தில எரிப்பான். அடுத்தது, 6 தொன் கழிய ஒரு பம்பு பதினொரு வருஷம் ஓட வேணும். பேனல் தாங்கும், மோட்டார் இடையில மாத்த வேண்டி வரலாம். அந்தக் காசையும் இப்பவே ஒதுக்கச் சொல்லுங்க.

கல்லடிப்பிள்ளை:
உன்னிச்சைப் பக்கம் மாமா ஒராள் சோளமும் கச்சானும் போடுறார். டீசல் மெஷின்தான், சத்தம் ரோட்டுக்குக் கேக்கும். அண்ணனிட்டக் கதைக்கிறன். என்ன சைஸ் பம்பு பாக்கிற?

சம்மாந்துறை வயர்மேன்:
கிணறு எத்தனை அடி, கோடையில தண்ணி எந்த மட்டத்தில நிக்கிது, எத்தனை ஏக்கருக்கு இறைக்கிறார் எண்டு மாமாட்டக் கேட்டு இங்க போடுங்க. அது தெரியாம ஒரு பேனலும் வாங்க வேணாம்.