அப்பாவின் மறதிக்கு வல்லாரை லேகியம், ஜிங்கோ மாத்திரை கொடுக்கலாமா?

கரிசல்மகள்:

அப்பாவுக்கு 71 வயது. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். ஊரில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று நோட்டைப் பார்க்காமலே சொல்லுவார். இந்தத் தை மாதத்திலிருந்து ஆளே மாறிவிட்டார். பால்காரருக்கு ஒரே மாதப் பணத்தை இரண்டு தடவை கொடுத்துவிட்டார். "தம்பி ஃபோன் பண்ணினானா?" என்று கேட்கிறார், பதில் சொன்னால் தலையாட்டுகிறார், தட்டில் வைத்த தோசை ஆறுவதற்குள் திரும்ப அதையே கேட்கிறார். போன வாரம் சங்கரநாராயணர் கோவிலிலிருந்து திரும்பும்போது தெரு மாறிப் போய்விட்டார். தெரிந்த கடைக்காரர்தான் கூட்டிவந்து விட்டார்.

சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். ஸ்டென்ட் வைத்திருப்பதால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல். ராத்திரி தூக்கம் வர மருந்துக்கடையில் சளி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். காதும் கொஞ்சம் மந்தம். கார்த்திகையில் குளியலறையில் வழுக்கி விழுந்தார், தலையில் லேசாக வீங்கி வற்றிவிட்டது.

சொந்தக்காரர் ஒருவர் வல்லாரை லேகியமும் அமுக்கரா சூரணமும் வாங்கிவந்து கொடுத்திருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் தம்பி, ஜிங்கோ என்கிற மரத்தின் இலைச்சத்தில் செய்த மாத்திரை அனுப்புகிறேன் என்கிறான். மூன்றையும் சேர்த்துக் கொடுக்கலாமா? எத்தனை நாளில் குணம் தெரியும்? "வயசானா மறதி வரத்தான் செய்யும்" என்கிறாள் அம்மா. எனக்கு மனசு ஒப்பவில்லை.

வேலணை மாமி:

பிள்ளை, எங்கட பக்கம் வல்லாரை மருந்துப் பெட்டிக்குள் இருக்கிற சாமான் இல்லை, சாப்பாடு. பச்சையாகவே பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு சேர்த்துத் தேசிக்காய்ப் புளி விட்டுப் பிசைந்தால் சம்பல். சோற்றோடும் பருப்போடும் நல்லாய் இருக்கும். காலையில் இலைக்கஞ்சியும் வைப்போம். அப்பாவுக்கு அப்படிச் சாப்பாடாகக் கொடுங்கோ. ஆனால் தெரிந்த தெருவிலேயே வழி தவறுகிறார் என்றால் அது வெறும் வயதுக் கோளாறு இல்லை. முதலில் டொக்டரிடம் காட்டுங்கோ.

பாளைச் சித்தமருத்துவன்:

தங்கச்சி, நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். என்னிடம் வருகிறவர்களுக்கு வல்லாரையும் நீர்பிரமியும் எழுதிக் கொடுக்கிறவன். அதனாலேயே அழுத்திச் சொல்கிறேன். லேகியம், சூரணம் இரண்டையும் அலமாரியில் வையுங்கள். நாளைக்கே அப்பாவைக் கூட்டிப்போய்த் தலைக்கு ஸ்கேன் எடுங்கள்.

காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. கார்த்திகையில் விழுந்தார், தையில் மறதி ஆரம்பித்தது, நடுவில் இரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. வயதானவர்களுக்கு மூளை சற்றுச் சுருங்கியிருக்கும். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையில் உள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் இழுபட்ட நிலையில் இருக்கும். லேசான அடியில் ஒன்று கிழிந்தாலும் போதும், வாரக்கணக்கில் கொஞ்சங்கொஞ்சமாகக் கசிந்து தேங்கும். விழுந்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம்தான் மறதி, நடையில் தள்ளாட்டம், தலைவலி, பகல் தூக்கம் என்று ஒவ்வொன்றாக வரும். நேரத்தில் கண்டுபிடித்தால் தேங்கியதை வெளியேற்றிவிடலாம். அது இருந்து, நாம் இரண்டு மாதம் லேகியம் கொடுத்துக்கொண்டு காத்திருந்தோம் என்றால், அந்த இரண்டு மாதத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. அப்பாவுக்கு அது இல்லாமலும் இருக்கலாம். இல்லை என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஜிங்கோ வேண்டாம் என்று தம்பியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே இரண்டு மாத்திரை இரத்தத்தை உறையவிடாமல் வைத்திருக்கும்போது, இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டக்கூடிய இன்னொன்றை மேலே போடக் கூடாது. அதில் பெரிய பலனும் இல்லை. அமெரிக்காவில் 75 வயதைத் தொட்டவர்களும் தாண்டியவர்களுமாக 3,069 பேரைச் சேர்த்து, ஒரு பாதிக்கு ஜிங்கோ 120 மில்லிகிராம் தினம் இரு வேளையும், மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் ஏறக்குறைய 6 வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் முடிவு வந்தது. முதுமை மறதி நோய் வருவதை ஜிங்கோ குறைக்கவில்லை.

அடுத்தது இரத்தப் பரிசோதனை. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் வைட்டமின் பி12 குறைவது உண்டு. அது குறைந்தால் கால் மதமதப்பு மட்டுமல்ல, மறதியும் குழப்பமும் வரும். தைராய்டு, சோடியம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சளி மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். குளோர்ஃபெனிரமைன் என்று இருந்தால் உடனே நிறுத்த வேண்டும். நினைவுக்கு மூளை பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருளின் வேலையையே அது தடுக்கிறது. காலையில் வல்லாரையும் ராத்திரி அந்த மாத்திரையுமாகக் கொடுத்தால் ஒன்றைக் கட்டி இன்னொன்றால் இடிக்கிற வேலை.

இப்போது மூலிகைக்கு வருகிறேன். அமுக்கரா சூரணத்தில் என்ன இருக்கிறது என்று வாங்கிக் கொடுத்தவருக்குத் தெரிந்திருக்காது. கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, கடைசியில் சர்க்கரை 128. பாதிக்குப் பாதி சர்க்கரை! லேகியமும் வெல்லப்பாகிலோ சர்க்கரைப்பாகிலோ கிளறுவதுதான். சர்க்கரை நோயாளிக்கு இதை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துவிட்டு, சர்க்கரையே மூளையின் இரத்தக் குழாய்களைக் கெடுக்கும் என்பதை மறந்துவிடுகிறோம்.

நீர்பிரமி வேறு கதை. வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தடித்த சின்ன இலையோடு படர்ந்து கிடக்கும் கொடி. வல்லாரை அப்படி இல்லை, அகன்று வளைந்த இலை. கடையில் பிரமி என்று கேட்டால் இரண்டில் எதையும் தருவார்கள், பார்த்து வாங்க வேண்டும். நீர்பிரமிச் சாரத்தை நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் அளவில் 12 வாரம் கொடுத்து நடந்த ஆய்வுகளில், நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களுக்கு நினைவுச் சோதனைகளில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. சிலருக்கு வயிற்றைப் புரட்டும், பேதியாகும். ஆனால் மறதி நோய் வந்துவிட்ட ஒருவரை அது மீட்டுவிடும் என்று காட்டிய ஆய்வு இல்லை. "எத்தனை நாளில் குணம் தெரியும்?" என்ற கேள்விக்கு இதைத் தாண்டி யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள், சொல்கிறவர் என் துறைக்காரராக இருந்தாலும் சரி.

செடியில் மருந்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இன்றைக்கு அல்சைமர் என்கிற முதுமை மறதி நோய்க்கு நரம்பியல் மருத்துவர்கள் எழுதும் கேலன்டமைன், பனித்துளிப்பூ என்கிற ஐரோப்பியச் செடியில் கிடைத்தது. பல்கேரியாவில் அதை ஆராய்ந்து மருந்தாக்கினார்கள். 2001இல் அமெரிக்காவில் அல்சைமருக்கு அனுமதி கிடைத்தது. அளவு, பக்கவிளைவு, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் அந்தச் செடி மருந்தானது. நம் வல்லாரைக்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

காது மந்தம் என்று எழுதியிருந்தீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். மறதி நோய்க்கான காரணங்களில் நாம் மாற்றக்கூடியவை என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் சொன்ன 14இல் காது கேளாமையும் ஒன்று. இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, தனிமை எல்லாம் அதில் உண்டு.

காவிரிக்கரை:

என் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறவள் நான். மருத்துவம் மேலே சொல்லியாகிவிட்டது, வீட்டுக் காரியம் மட்டும் சொல்கிறேன். பால், மளிகைக் கணக்கை அப்பாவிடமிருந்து பிடுங்காதீர்கள் அக்கா, பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து எழுதுங்கள். கணக்குப் பிள்ளையாக இருந்தவரிடம் நோட்டைப் பறித்தால் மனசு உடைந்துவிடும். சட்டைப் பையில் உங்கள் ஃபோன் எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். கேட்டதையே கேட்டால் "இப்பத்தானே சொன்னேன்" என்று சொல்லாதீர்கள், முதல் தடவை கேட்கிற மாதிரியே பதில் சொல்லுங்கள். சோர்வாகத்தான் இருக்கும். அம்மாவும் நீங்களும் முறை போட்டுக்கொள்ளுங்கள்.

கரிசல்மகள்:

எல்லோருக்கும் நன்றி. மறுநாளே திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனோம். ஸ்கேனில் இரத்தத் தேக்கம் இல்லை என்றார்கள், அப்போதுதான் மூச்சு வந்தது. தைராய்டு, சோடியம் சரி. பி12 மட்டும் 138, இருக்க வேண்டியதைவிடக் குறைவாம். ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள். சளி மாத்திரை ஐயா சொன்னதேதான், நிறுத்திவிட்டோம். முதலில் சில ராத்திரி புரண்டுகொண்டே இருந்தார். இப்போது பகலில் முகம் தெளிவாக இருக்கிறது, ஆனால் கேட்டதையே கேட்பது நிற்கவில்லை. நினைவுச் சோதனையில் சில கேள்விகளுக்குத் தடுமாறினார். ஊசி முடிந்து மூன்று மாதம் கழித்துத் திரும்பச் சோதித்துத்தான் எதையும் சொல்ல முடியும் என்றார் நரம்பியல் மருத்துவர்.

ஐயா, லேகியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். துவையல் அரைத்துக் கொடுக்கலாம் இல்லையா?

பாளைச் சித்தமருத்துவன்:

தாராளமாக. வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒரு கைப்பிடி இலை போதும். அளவு மீறினால் தலைவலியும் கிறுகிறுப்பும் வரும். எங்கிருந்து பறித்தது என்று கேட்டு வாங்குங்கள். வல்லாரை ஈரமான இடத்தில் படர்வது, சாக்கடை ஓரத்தில் இன்னும் செழிப்பாக வளரும், அங்குள்ள அழுக்கையும் காரீயம் போன்ற உலோகங்களையும் இலையில் ஏற்றிக்கொள்ளும். வீட்டுத் தொட்டியில் வளர்த்தால் இந்தக் கவலை இல்லை. மஞ்சள்தூளும் உப்பும் போட்ட தண்ணீரில் அலசி, நல்லெண்ணெயில் வதக்கி, உளுத்தம்பருப்பு, மிளகாய், தேங்காய் சேர்த்து அரையுங்கள். உப்பும் புளியும் வழக்கத்தில் பாதி போடச் சொல்வது எங்கள் முறை, அது அவர் இரத்த அழுத்தத்துக்கும் நல்லது.

வல்லாரையால் கல்லீரல் பாதித்த நிகழ்வுகள் அரிதாகப் பதிவாகியிருக்கின்றன. கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ, சிறுநீர் அடர்ந்த நிறமாகப் போனாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். சாப்பிடுகிற எல்லாவற்றையும், துவையல் உட்பட, நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊசியை இடையில் விட்டுவிடாதீர்கள், காதுப் பரிசோதனையை இந்த மாதமே முடியுங்கள். மூன்று மாதச் சோதனையில் என்ன வந்தாலும் இங்கே எழுதுங்கள், அதற்கேற்ப மேற்கொண்டு பேசலாம்.