பொதுப்பாதையில் உரசல்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நான் சைக்கிள் ஓட்டுபவன். பத்து வருடமாகக் காட்டுப்பாதைகளில் ஓட்டுகிறேன், யாரோடும் தகராறு வந்ததில்லை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். போன வருடம் ஒரு இறக்கத்தில், மரங்கள் மறைக்கும் வளைவில் திரும்பினால் எதிரே குதிரைமேல் ஒரு பெண். பிரேக் பிடித்து ஓரமாக நின்றுவிட்டேன், அதுவே போதும் என்று நினைத்தேன், ஆனால் நின்றது மேட்டுப்பக்கம், வாயையும் திறக்கவில்லை. குதிரை மிரண்டு பின்வாங்கியதில் பின்னங்கால் பாதை விளிம்பில் சறுக்கியது. அதை அடக்கி நிறுத்திய பிறகு திட்டுவார் என்று பார்த்தேன், "ஏதாவது பேசுங்க, குரல் கேட்டாத்தான் நீங்க மனுஷன்னு அதுக்குத் தெரியும்" என்றார். யோசித்தால் சரிதான். ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, முதுகில் மூட்டை, தலைக்கு மேலே அசையாமல் ஒரு உருவம். வேட்டையாடப்பட்டு வந்த இனத்துக்கு அது பாயக் காத்திருக்கும் மிருகமாகத்தான் தெரியும். சைக்கிள் எல்லோருக்கும் வழிவிட வேண்டும், நடப்பவர் குதிரைக்கு வழிவிட வேண்டும் என்று பலகையில் முக்கோணம் போட்டிருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எந்தப் பக்கம் ஒதுங்குவது, பேசுவதா வேண்டாமா என்பதெல்லாம் அன்றுதான் தெரிந்தது. இப்போது குதிரையைக் கண்டால் இறங்கி, இடம் பாதுகாப்பாக இருந்தால் பள்ளத்துப் பக்கம் நின்று, பேச்சுக் கொடுக்கிறேன்.

நான் நடப்பவள். மேலே எழுதியவர் தகராறே வந்ததில்லை என்கிறாரே, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதுகுக்குப் பின்னால் சத்தமே இல்லாமல் வந்து உரசிக்கொண்டு போகிறவருக்கு அது ஒரு நொடி, எனக்கு அன்றைய நடை முழுக்கப் போய்விடும், அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் நடப்பேன். ஜேக்கப், ஷ்ரேயர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980லேயே, ஒருவர் வந்த நோக்கத்தை இன்னொருவரின் நடத்தை கெடுப்பதுதான் மோதல் என்று விளக்கினார்கள். அதில் ஒரு தரப்புக்கு மட்டும் வலிக்கலாம், மற்றவருக்குத் தெரியவே தெரியாது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் மில்க்ரீக் பள்ளத்தாக்கில் மேல்பகுதிப் பாதைகளில் இரட்டைப்படைத் தேதியில் மட்டும்தான் சைக்கிள் விடுகிறார்கள், நடப்பவர்கள் அதைப் பார்த்து நாளைத் தேர்ந்துகொள்ளலாம். எல்லா இடத்திலும் அது முடியாது, சரி. சைக்கிளில் மணி இருந்தால் தூரத்திலேயே அடியுங்கள், பக்கத்தில் வந்து அடித்தால் இன்னும் பயம்தான்.

எங்கள் மேய்ச்சல் நிலத்தின் நடுவே பாதை போகிறது. கேட்டைத் திறந்துபோட்டுப் போவார்கள், ஒரு தடவை கன்றுகள் சாலைக்கே போய்விட்டன. கோபத்தில் பூட்டுப் போட்டேன், அன்றைக்கே யாரோ வேலியை வெட்டிவிட்டார்கள். அப்புறம் பாதையில் நடக்கும் சிலரைக் கூப்பிட்டு உட்கார்ந்து பேசினேன். கேட் மட்டும் பிரச்சினை இல்லை, பள்ளத்தில் சேறு நிற்பதால் எல்லோரும் சுற்றிப்போய், ஒற்றையடிப் பாதை நான்கு ஆள் அகலத்துக்குப் புல்லை அழித்திருந்தது. நான் அவர்கள் வேண்டுமென்றே மிதிப்பதாக நினைத்திருந்தேன், அவர்கள் எனக்குப் பாதையே பிடிக்காது என்று நினைத்திருந்தார்கள். இரண்டு நாள் சேர்ந்து தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டி, கல் பதித்தோம், தானாக மூடிக்கொள்ளும் கேட் மாட்டினோம். "அத்துமீறாதே" என்று நான்கு பலகை வைத்தும் நிற்காதது அதில் நின்றது. புல் திரும்ப வந்துகொண்டிருக்கிறது.

நாயோடு வருபவர்களுக்கு ஒன்று. கன்று இருக்கும் மந்தைக்குள் புகாதீர்கள், சுற்றிப் போங்கள், நாயைக் கயிற்றில் பிடித்திருங்கள். ஆனால் மாடு துரத்த ஆரம்பித்துவிட்டால் கயிற்றை விட்டுவிடுங்கள். அதன் குறி பெரும்பாலும் நாய்தான், நாய் ஓடித் தப்பித்துவிடும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்தான் மாட்டிக்கொள்வார்.