ஏஐ ஓட்டை கண்டுபிடிக்குதா, கதை கட்டுதா?

ஓட்டைதேடி:
லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல்ல கேஎஸ்எம்பிடி-ன்னு ஒரு ஃபைல் சர்வர் இருக்கு. 2025 மே மாசம் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் ஷான் ஹீலன், பாதுகாப்பு ஓட்டை இருக்கான்னு பார்க்க அதோட கோடை ஓப்பன்ஏஐயோட ஓ3 மாடல்கிட்ட படிக்கக் கொடுத்தார். அது பிடிச்சது இதுதான்: ஒரு த்ரெட் (ஒரே நேரத்துல ஓடற வேலைகள்ல ஒண்ணு) லாக்ஆஃப் பண்ணி யூசர் மெமரியை ஃப்ரீ பண்ணிடுது. அதே செஷன்ல வேற கனெக்‌ஷன்ல வந்த த்ரெட் அந்த மெமரியை இன்னும் தொட்டுக்கிட்டிருக்கு. யாருக்கும் தெரியாத ஓட்டை, ஓட்டைகளைப் பதிவு பண்ற சிவிஇ எண்ணே கொடுத்தாச்சு. இன்னும் ‘வெறும் ஆட்டோகம்ப்ளீட்’தானா?

பொறுமைசாலி:
மீதியையும் சொல்லுங்க. தெரிஞ்ச ஓட்டை ஒண்ணை வெச்சு அவர் 100 தடவை ஓட்டிப் பார்த்தார். சரியா பிடிச்சது 8. இல்லாததை இருக்குன்னது 28. அவர் கையில விடை இருந்தது, பிரிச்சுப் பார்த்துட்டார். ப்ராஜெக்டைப் பராமரிக்கிற என் கையில இல்லையே! இந்த மாதிரி குப்பை ரிப்போர்ட் குவிஞ்சுதான் கர்ல்ங்கற டேட்டா அனுப்பி வாங்கற டூலோட ப்ராஜெக்ட், ஓட்டை சொல்றவங்களுக்குக் காசு தர்ற பவுண்டியையே 2026 ஜனவரியோட இழுத்து மூடிச்சு.

ஓட்டைதேடி:
காசுக்காகக் குப்பையை அனுப்பினது மனுஷன். 2025 செப்டம்பர்ல ஏஐ டூல்ஸ் வெச்சு ஒருத்தர் அனுப்பின லிஸ்டை அதே கர்லை உருவாக்கின ஸ்டென்பெர்க் பாராட்டினார். சுமார் 50 திருத்தம் உள்ளே போச்சு.

கிராஷ்குமார்:
ரெண்டு பேரும் ஆதாரத்தை விட்டுட்டீங்க. ஃபஸ்ஸர்னா தாறுமாறான இன்புட்டா கொடுத்து சோதிக்கிற டூல். அது ஒரு இன்புட்டைக் கொடுக்கும், ஓட்டினா கிராஷ், பேச்சே இல்ல. மாடல் கட்டுரை எழுதுது. அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா ஏஐ சிஸ்டங்களுக்கு நடத்தின போட்டியில ஓட்டையை நிரூபிக்கிற இன்புட் கேட்டாங்க. 2025 இறுதிச் சுற்றுல, வேணும்னே வெச்ச ஓட்டைகள்ல 54-ஐப் பிடிச்சு 43-க்கு பேட்ச்சும் (ஓட்டையை அடைக்கிற திருத்தம்) போட்டாங்க. அது ரிப்போர்ட்.

பொறுமைசாலி:
கிராஷும் ஏமாத்தும் சார். உள்ளே இருக்கிற ஒரு ஃபங்ஷனை நேரா கூப்பிட்டு நல் பாயிண்டரை (எதையும் காட்டாத வெற்று முகவரி) திணிச்சா கிராஷ் ஆகாம என்ன செய்யும்? வெளியில இருந்து அந்த வழியா யாருமே வர முடியாது. ஃபங்ஷனைக் கூப்பிட்டுச் சோதிக்க மாடல் எழுதற கோடுல, அதாவது ஹார்னஸ்ல, இதே கூத்துதான். ஓட்டறதுக்கு ரெண்டு நிமிஷம், எட்டாதுன்னு நிரூபிக்க எனக்கு ஒரு சாயங்காலம். பேட்ச்சோட வந்தா முதல்ல பார்க்கறேன்.

கிராஷ்குமார்:
பேட்ச்சையும் மாடலே எழுதினா? பாயிண்டர் நல்லான்னு பார்க்கிற நல் செக் ஒண்ணைப் போட்டு மூடி மறைச்சிடும்.

ஓட்டைதேடி:
மனுஷனும் அதைத்தானே செய்யறான்? ஃப்ரீ பண்ணினதும் பாயிண்டரை நல் ஆக்கினா போதும்னு 100 தடவை ஓட்டிப் பார்த்த அந்த முந்தின ஓட்டைக்கு ஹீலனே நினைச்சிருந்தார். நடுவுல இன்னொரு த்ரெட் புகுந்தா அது பத்தாதுன்னு மாடலோட ரிப்போர்ட்டைப் படிச்சப்பதான் அவருக்கே உறைச்சது.

பொறுமைசாலி:
படிச்சவர் ஹீலன். நாளைக்கு எனக்கு அனுப்பப்போறவர் படிச்சிருப்பாரா?