எத்தியோப்பியாவின் ஆடிஸ் அபாபாவில் குடும்பத்தோடு இஞ்ஜெரா சாப்பிடப் போகிறவர்களுக்கு

ஆடிஸ்வாசி:
நாலு பேர் போனால் நாலு தட்டு கேட்காதீர்கள். பெரிய வட்டத் தட்டில் இஞ்ஜெராவை (புளித்த மாவில் சுடும் தோசை போன்றது) விரித்து, அதன் மேலேயே குழம்புகளைப் பரப்பிக் கொண்டுவருவார்கள். எல்லோரும் அதிலிருந்தே சாப்பிட வேண்டும், வலது கையால், அவரவருக்கு நேரே இருக்கிற பக்கத்தில். தனியாகச் சுருட்டி வரும் இஞ்ஜெராவைப் பிய்த்துக் குழம்பை அள்ளுங்கள். அடியில் விரித்ததைக் கடைசியில் தொடுங்கள். குழம்பெல்லாம் ஊறி அதுதான் தட்டிலேயே ருசியான பாகம்.

சைவக்காரர்களுக்கு புதனும் வெள்ளியும் நல்ல நாட்கள். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு விரத நாட்கள் என்பதால் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் இல்லாமல் எண்ணெயில் சமைப்பார்கள். 'சோம் பேயாய்நெத்து' என்று கேட்டால் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ், பீட்ரூட் என்று பல வகை ஒரே தட்டில் வரும். மற்ற நாட்களில் பருப்பிலும் மசாலா நெய் சேர்ந்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். ஷிரோ கடலைமாவுக் குழம்புதான். ஆனால் 'பொசெனா ஷிரோ' என்றால் இறைச்சித் துண்டு கிடக்கும்.

குழந்தைகளுக்கு நிறத்தைப் பார்த்து எடுத்துக் கொடுங்கள். சிவப்பாக இருந்தால் பெர்பெரே என்ற மிளகாய் மசாலா சேர்ந்தது, நல்ல காரம். மஞ்சளாக இருந்தால் அலிச்சா என்ற குழம்பு, காரம் குறைவு. கிட்ஃபோ பச்சை இறைச்சிக் கொத்து. லேசாகச் சூடு காட்டியது 'லெப் லெப்'. முழுதாக வெந்தது வேண்டுமென்றால் ஆர்டர் சொல்லும்போதே சொல்லிவிடுங்கள்.

மாவுக்காரி:
இஞ்ஜெரா நன்றாக இருக்கிறதா என்பதை மேல்பக்கக் கண்களே, அதாவது சிறு துளைகளே, சொல்லிவிடும். டெஃப் என்ற சிறுதானியத்தின் மாவைக் கரைத்து, பழைய மாவின் புளித்த நீரைச் சேர்த்து இரண்டு மூன்று நாள் புளிக்க வைப்பார்கள். மேலே தெளிந்து நிற்கும் நீரை வடித்துவிட்டு, மாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை எடுத்துத் தண்ணீர் விட்டுக் கூழாகக் காய்ச்சி, ஆறியதும் திரும்பக் கலப்பார்கள். இதற்கு ஆப்சித் என்று பெயர். இதை விட்டுவிட்டாலோ, கல் போதிய சூடாகாமல் இருந்தாலோ கண் திறக்காது, இஞ்ஜெரா தட்டையாகக் கெட்டிப்படும்.

ஊற்றுவது தோசைக்கு நேர் எதிர்: விளிம்பில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வர வேண்டும். கண்கள் பரவியதும் மூடி, ஆவியில் வேகவைத்து, ஓரம் தானாகக் கிளம்பும்போது எடுத்துவிடுவார்கள். திருப்பிப் போடுவதே இல்லை. சூட்டோடு அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனம். டெஃப்பில் குளூட்டன் கிடையாது, ஆனால் விலை அதிகம் என்பதால் கோதுமையோ பார்லியோ கலக்கும் கடைகள் உண்டு. 'முழு டெஃப்தானா' என்று கேட்காமல் சாப்பிடாதீர்கள்.

அடுப்படி:
டோரோ வொட் என்ற கோழிக் குழம்பு பற்றி யாரும் சொல்லவில்லையே! ஒரு கோழிக்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல் வெங்காயம், பொடிப்பொடியாக நறுக்கியது. முதலில் எண்ணெயே விடாமல், அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே முக்கால் மணி நேரமாவது வதக்க வேண்டும். நெய்யும் பெர்பெரேயும் அதற்குப் பிறகுதான். பெர்பெரே கருகிவிட்டால் குழம்பு முழுக்கக் கசக்கும், அதனால் அவ்வப்போது தண்ணீர் தெளிப்பார்கள். வெங்காயம் நறுக்கு நறுக்காகத் தெரிந்தால் அவசரச் சமையல் என்று அர்த்தம். விரத நாளில் இதைத் தேடிப் போகாதீர்கள், பல கடைகளில் இருக்காது.

காபிச் சடங்குக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கொட்டையை அங்கேயே வறுத்து, இடித்து, மூன்று சுற்று ஊற்றுவார்கள். முதல் சுற்றுதான் திடம். காபி அதிகம் ஆகாத பெரியவர்களுக்கு மூன்றாவது போதும்.