மறு: கார்பன் ஆஃப்செட் – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'கரிம இழப்பீடு' என்றே வைத்துவிடலாமே?

இழப்பீடு வேண்டாம் ஐயா. அது பாதிக்கப்பட்டவர் கைக்குப் போகும் பணம். இங்கே நடப்பது வேறு: ஓரிடத்தில் விட்ட புகைக்கு, இன்னோரிடத்தில் நடந்த உமிழ்வுக் குறைப்பைக் காசு கொடுத்து வாங்கித் தன் கணக்கில் கழித்துக்கொள்கிறார்கள்.

2006 ஜெர்மனி உலகக் கோப்பைக் கால்பந்தைப் பாருங்கள். 'கிரீன் கோல்' என்ற அதன் சூழல் திட்டத்தில், ஜெர்மனிக்குள் உண்டான உமிழ்வுக்காகத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சாண எரிவாயுக் கலன் கட்டப் பணம் வந்தது. விறகும் மண்ணெண்ணெயும் எரித்த வீடுகளில் சாண எரிவாயு அடுப்பு. ஜெர்மனியில் ஓடிய பேருந்தின் புகைக்கு நம்மூர் மாட்டுத் தொழுவத்தில் கணக்கு நேரானது! ரசிகர்கள் வெளிநாட்டிலிருந்து பறந்து வந்த விமானப் புகை மட்டும் அந்தக் கணக்கில் ஏறவே இல்லை.

> அப்படியானால் 'கரிம ஈடு'? சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் 'ஈடு' என்றாலே சமமாகிவிட்டது என்று நாமே ஒத்துக்கொண்டதாகிவிடும். 2022 கத்தார் உலகக் கோப்பைக்கு, அதை நடத்தும் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா முன்கூட்டி மதிப்பிட்டது கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான 36.3 லட்சம் டன் உமிழ்வு. அதில் பாதிக்கு மேல் பயணம். நிரந்தர அரங்குகளின் சிமென்ட், எஃகு உமிழ்வை அவற்றின் ஆயுள் முழுக்கப் பரப்பி, போட்டிக்குப் பயன்பட்ட நாள்களின் பங்கை மட்டும் எழுதிக்கொண்டார்கள். அதாவது சின்ன நாட்டில் இத்தனை அரங்குகளும் பல பத்தாண்டுகள் நிரம்பி வழியும் என்ற நம்பிக்கை! இப்படிக் கணக்கில் எழுதியதை ஈடுகட்டிவிட்டோம் என்று விளம்பரமும் செய்தார்கள். ஐந்து நாடுகளிலிருந்து புகார் போய், 2023 ஜூனில் சுவிட்சர்லாந்தின் விளம்பர நேர்மை ஆணையம் அந்தப் பேச்சுக்கு ஆதாரமில்லை என்று சொல்லிவிட்டது.

ஆகவே என் பரிந்துரை 'உமிழ்வு ஈடுகட்டல்'. போன மாத நஷ்டத்தை இந்த மாதம் ஈடுகட்டப் பார்க்கிறேன் என்கிறோமே, அதில் முயற்சி இருக்கிறது. முடிந்ததா என்பது தனிக்கேள்வி. 'கரிம' என்பதைவிட 'உமிழ்வு' மேல். மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு போன்ற மற்ற வெப்பமூட்டும் வாயுக்களும் இந்தக் கணக்கில் வருகின்றனவே.

இந்த உமிழ்வுக் குறைப்பை வாங்கி விற்கும் அலகுக்கு, அதாவது 'கார்பன் கிரெடிட்'டுக்கு, 'உமிழ்வுக் கழிவு' என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். சூழல் கட்டுரையில் கழிவு என்றால் குப்பை என்றுதான் படிப்பார்கள். 'உமிழ்வு வரவு' போதும். ஒரு வரவு என்றால் கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான ஒரு டன்.

அப்புறம், ஒருமுறை பயன்படுத்திய வரவை இன்னொருவர் எடுக்காதபடி பதிவேட்டில் அடித்துவிடுகிறார்களே, அதற்கு ஆங்கில 'ரிடயர்மென்ட்'டை அப்படியே பெயர்த்து 'ஓய்வளித்தல்' என்பது சரிவராது. 'வரவு நீக்கம்' என்று வைக்கலாமா?