பெரிய படத்தில் மட்டும் லோட்_அலைன்ட் க்ராஷ் ஆகிறது, ஏன்?

கேள்வி:
எக்ஸ்சிம்டி என்ற சி++ லைப்ரரியில், ஏவிஎக்ஸ்2-க்காக (ஒரே கட்டளையில் 32 பைட், அதாவது 8 ஃப்ளோட், கையாளும் செயலி வசதி) ஒரு மூன்று புள்ளி மங்கல் ஃபில்டர் எழுதுகிறேன். 64 பிட் லினக்ஸ், ஜிசிசி. ஃப்ளோட் பிக்சல்கள் சாதாரண மாலாக் மெமரியில் இருக்கின்றன. சின்னப் படம் என்றால் சில நேரம் ஓடிவிடுகிறது. பெரிய படத்துக்குத் தவறாமல் செக்மென்டேஷன் ஃபால்ட். அப்போது பாயின்டரை அச்சிட்டால் எப்போதும் ஹெக்ஸில் 010 என்றே முடிகிறது. ஓ2 (வேகப்படுத்தும் ஆப்ஷன்) போட்டு கம்பைல் செய்தால் அதே கோடு ஒன்றும் ஆகாமல் ஓடுகிறது! பேசாமல் எல்லாவற்றையும் லோட்_அன்அலைன்ட் (எந்த முகவரியிலிருந்தும் படிப்பது) ஆக்கிவிடலாமா?

பதில்:
அந்த 010-ஐப் பாருங்கள். பெரிய துண்டு கேட்டால் ஜிலிப்சி (மாலாக் இருக்கும் சி லைப்ரரி) அதை எம்மேப் வழியாகக் கெர்னலிடமிருந்து முழுப் பக்கங்களாக வாங்கி, முதல் 16 பைட்டைத் தன் கணக்கு எழுத வைத்துக்கொண்டு மீதியைத் தரும். அந்த முகவரி 16-ஆல் வகுபடும், 32-ஆல் வகுபடாது. லோட்_அலைன்ட் கேட்பதோ 32-ஆல் வகுபடும் முகவரி. மாலாக் தரும் உத்தரவாதமும் அந்த 16 தான். சின்னத் துண்டில் ஓடியது அதிர்ஷ்டம்.

ஓ2-வில் கம்பைலர் லோடைக் கூட்டல் கட்டளைக்குள்ளேயே மடித்திருக்கும். ஏவிஎக்ஸ் குறியாக்கத்தில் அப்படி மடித்த லோடுக்கு அலைன்மென்ட் சோதனை கிடையாது. தனியாக நிற்கும் அலைன்ட் லோட் கட்டளையான விமூவ்ஏபிஎஸ்தான் முரண்டு பிடிக்கும். ஓடுகிறதே என்று அப்படியே விட்டுவிடாதீர்கள், அடுத்த கம்பைலர் பதிப்பில் திரும்ப வரும்.

வேகத்தைப் பற்றி: 2008-இல் வந்த இன்டெலின் நெஹேலம் செயலி முதல், முகவரி சீராக (அலைன்ட் ஆக) இருந்தால் இரண்டு வகை லோடும் ஒரே வேகம்தான். 64 பைட் கேஷ் லைனின் (செயலி ஒரே தடவையில் கேஷுக்கு எடுக்கும் துண்டு) எல்லையைத் தாண்டும்போதுதான் செலவு. உங்கள் நிலையில் ஒன்றுவிட்டு ஒரு லோடு தாண்டும்.

கேட்டவர்:
சரி, மாலாக்குக்குப் பதில் அலைன்ட்_அலாக் போட்டு 32-ஆல் வகுபடும் முகவரி கேட்டேன். முதல் வரி போகிறது, இரண்டாம் வரியில் விழுகிறது. அகலம் 1003 பிக்சல்.

வேறொருவர்:
1003 ஃப்ளோட் என்றால் 4012 பைட். 32-ஆல் வகுத்தால் 12 மிச்சம். அடுத்த வரி அங்கேதான் தொடங்குகிறது, விழாமல் என்ன செய்யும்? ஒவ்வொரு வரிக்கும் 1008 இடம் ஒதுக்குங்கள். 4032 சரியாக வகுபடும்.

முதலில் பதில் சொன்னவர்:
ஆமாம். ஆனால் மங்கலுக்கு இடப்பக்க, வலப்பக்கப் பிக்சலும் வேண்டுமே? அந்த இரண்டு லோடும் 4 பைட் தள்ளித்தான் இருக்கும், என்ன ஒதுக்கினாலும் சீராகாது. அவற்றுக்கு லோட்_அன்அலைன்ட். நடுவில் இருப்பதற்கும் எழுதும் இடத்துக்கும் மட்டும் அலைன்ட் வையுங்கள்.

கேட்டவர்:
ஓ2 இல்லாமலும் ஓடுகிறது இப்போது. வரி முடிவில் மிச்சமிருக்கும் 3 பிக்சலுக்குத் தனி லூப் எழுதியிருந்தேன். அந்த 5 காலி இடம் இருப்பதால் அதையும் தூக்கிவிட்டேன்.